அக்காவை அக்காவிடமே அனுப்பிய ஜன்னல்

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம் நான்தான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதிர்ச்சாரியில் நலத்துறை அலுவலகம். எந்தக் காகிதம் கொண்டுபோனாலும் அங்கே மூன்று நகல் கேட்பார்கள் என்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் அந்த அலுவலகத்தைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது. சொல்லத்தான் போகிறேன்.

என் கடையை ஒட்டி, கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற ஓர் இடத்தில் ஆல்டர் அக்கா கடை போட்டிருக்கிறார். புதுத்துணி தைக்க மாட்டார். பிரிப்பது, பிடிப்பது, குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டர் வேலை மட்டும்தான். கணவர் பதினாறு வருடத்துக்கு முன் வேலை தேடி வெளியூர் போனார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரே மகள். வயது பத்தொன்பது. டவுன் சின்ட்ரோம் உள்ள பெண். தெருவில் நாங்கள் அவளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். கடைக்கு வருகிறவர் எங்கே உட்கார வேண்டும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும், எப்போது எழுந்து போக வேண்டும் என்று அவள்தான் முடிவு செய்வாள். நானும் அவள் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பேன்.

அவள் பிறந்தபோது மருத்துவமனையில் அக்காவுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்களாம். அதில் டவுன் சின்ட்ரோம் என்ற இரண்டு சொற்களும் புரியாத ஒரு கையெழுத்தும் இருந்தன. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், காதைச் சோதிக்க வேண்டும், தைராய்டை விட்டுவிடக் கூடாது, பேச்சுப் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதையெல்லாம் அக்கா ஒவ்வொரு வாசலாகக் கால் தேய நடந்து தெரிந்துகொண்டார்.

அப்படி நடந்தவருக்கு மற்றவர்களின் நடை தெரிந்துவிடும். கைக்குழந்தையோடு அந்த அலுவலகத்திலிருந்து திருதிருவென்று விழித்துக்கொண்டு யாராவது வெளியே வந்தால், தையல் மிஷினை நிறுத்திவிட்டு, இதய டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று இங்கிருந்தே கேட்பார். ரெடிமேட் சட்டையில் அந்தப் பிள்ளைகளுக்குக் கை நீளமாக இருக்கும், பட்டன் போடுவதும் பெரும்பாடு. கையைக் குறைத்து, பட்டனுக்குப் பதில் அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் டிச் பட்டன் வைத்துக் கொடுப்பார். சட்டை தயாராவதற்குள் எந்த நாளில் எந்த டாக்டர், அலுவலகத்தில் எதற்கு எந்த ஜன்னல் என்று எல்லாம் சொல்லி முடித்திருப்பார். அதற்குள் மேனேஜர் குழந்தையைத் தூங்க வைத்திருப்பாள்.

சொன்னதையே சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு நாள் இதையெல்லாம் ஒரு தாளில் அடித்துக் கொடுக்கச் சொன்னார். அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். தாள் மொட்டையாகத் தெரிகிறதே என்று, சும்மா அழகுக்காக, மேலே கொட்டை எழுத்தில் ‘குடும்ப வழிகாட்டி மையம்’ என்று போட்டுத் தொலைத்தேன். சுற்றிலும் பூவேலை, கீழே அக்கா கடை முகவரி.

அலுவலகத்தின் இரண்டாம் ஜன்னலில் இருக்கும் குமாஸ்தாவுக்கு அந்தத் தாள் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒன்றை வாங்கி அறிவிப்புப் பலகையில் குத்தினார். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினார். அடுத்த வருடம், உங்கள் ஊரில் உள்ள குடும்ப வழிகாட்டி மையங்களின் பட்டியலை அனுப்பவும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார், பார்த்ததை எழுதி அனுப்பினார். இப்படியாக அக்கா தனக்கே தெரியாமல் ஒரு மையமானார்.

இது எங்களுக்குத் தெரியவந்தது மேனேஜரின் பயிற்சி வகுப்பு விஷயத்தில். ஒரு பெரிய சலவை நிலையத்தில் இரண்டு வருடப் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. இருபது வயதுக்குள் சேர வேண்டும். அவளுக்கு இருபது ஆக இன்னும் நான்கு வாரம், வகுப்பில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். அக்கா விண்ணப்பத்தோடு போனபோது, அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி மையத்தின் கடிதம் வேண்டும் என்று இரண்டாம் ஜன்னல் சொல்லி, மையத்தின் முகவரியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

அக்கா அதை என்னிடம் நீட்டினார். "தம்பி, இது எங்க இருக்குன்னு பாருங்க. எங்கேயோ பார்த்த முகவரி மாதிரி இருக்கு."

பார்த்தேன். பூவேலைக்குக் கீழே நான் அடித்த அதே அக்கா கடை முகவரி.

மையமே நாம்தான் என்றால் கடிதத்தை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று போனோம். பொறுப்பாளர் தன் சொந்தக்காரருக்குக் கடிதம் தரக் கூடாதாம். பக்கத்து ஊர் மையத்துக்குப் போனோம். அவரவர் ஊருக்கு அவரவர் மையமாம். ஊரில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் உதவி கிடைக்கும், உதவி செய்கிறவளுக்கு மட்டும் கிடையாது. அப்படியானால் பொறுப்பை ராஜினாமா செய்கிறேன் என்றார் அக்கா. செய்யலாமாம். ஆனால் இதே நிலையில் உள்ள வேறொரு குடும்பத்தவர் பொறுப்பேற்க வேண்டும், மையத்தின் சொத்துகளை முறைப்படி ஒப்படைக்க வேண்டும். இல்லாத மையத்தின் சொத்துப் பட்டியலை நானே அடித்தேன். ஸ்டூல் ஒன்று, தண்ணீர்க் குடம் ஒன்று, டம்ளர் இரண்டு. மூன்று நகல்.

பொறுப்பேற்றவர் ஏழாம் நம்பர் பஸ் டிரைவர். அவர் மகனுக்கு ஐந்து மாதம். மூன்று மாதத்துக்கு முன் இதே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் அழுத மனிதர். தனக்கு ஒன்றும் தெரியாதே என்று தயங்கினார். மையத்தின் கடிதம் என்பதே ஒரு பாரம்தான், கேள்வியெல்லாம் அதிலேயே இருக்கிறது, படித்தால் போதும் என்று அக்கா தைரியம் சொன்னார்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள், மதியம் மூன்று மணி. டிரைவர் பாரத்தைப் படிக்க, அக்கா பதில் சொல்ல, எழுதிக்கொண்டே வந்தார்கள். ஒன்பதாவது கேள்வி: தாய்க்கு அன்றாடம் உதவியாக இருப்பவர் யார்?

அக்கா அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. எனக்குக்கூடக் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"நான்தான்," என்றாள் மேனேஜர்.

பெருமைக்குச் சொல்லவில்லை. காலையில் பூட்டைத் திறப்பவள் அவள், பட்டன்களைப் பிரித்து வைப்பவள் அவள், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட ஓடி வந்தவளும் அவள்தான். டிரைவர் மறுபேச்சில்லாமல் எழுதினார்.

பாரத்தை நீட்டியதும் இரண்டாம் ஜன்னல் சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். வீட்டில் உதவியாளர் இருக்கும் குடும்பத்துக்கு இடம் இல்லையாம். அதை அடித்துவிட்டு ‘யாரும் இல்லை’ என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அடிக்கக்கூட வேண்டாம், அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டை வைத்து நகல் எடுத்தால் வரி இருந்த இடமே தெரியாது, ஒரு நிமிட வேலை என்று நான் அக்காவின் காதில் சொன்னேன்.

அக்கா மகளைப் பார்த்தார். "வேணாம் தம்பி. அந்த பாரத்துல நிஜம்னு இருக்கறதே அது ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள், பிள்ளையின் வாழ்க்கை போய்விடும், இந்த நேரத்தில் என்ன பிடிவாதம் என்று கத்தலாம் போலிருந்தது. அதற்குள் டிரைவர் என்னை விலக்கிவிட்டுத் தலையை ஜன்னலுக்குள் நீட்டினார்.

"சார், அம்மாவுக்கு இவ இருக்கா. அம்மாவுக்கு அப்புறம் இவளுக்கு யாரு இருக்கா? அதுக்குத்தான் சார் இந்த இடத்தைக் கேக்கறோம்."

அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை என்றார் குமாஸ்தா. டிரைவர் பாரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், சொன்னதை அப்படியே எழுதி, கீழே மையப் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். இரண்டாம் ஜன்னல் அதை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். மையத்தின் கடிதத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்க மாட்டேன் என்றால் விசாரணை வரும், அப்படியொரு மையமே கிடையாது, நான் பலகையைப் பார்த்து எழுதினேன் என்று மேலிடத்தில் சொல்ல வேண்டிவரும். முத்திரை குத்தினார். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

மையம் இப்போது ஏழாம் நம்பர் பஸ்ஸில் இயங்குகிறது. பெற்றோர்கள் ஏறி, ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். பதில் தெரியாவிட்டால் அக்கா கடையருகே இறக்கிவிடுகிறார்.

மேனேஜர் முதல் நாள் வகுப்புக்குப் போன அன்று அக்கா பத்து மணிக்கே மிஷினை மூடிவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு பாவாடையில் பக்கம் மாற்றி ஜிப் வைத்துவிட்டாராம். பிறகு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு மகள் பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே வந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் இல்லாம எப்படிம்மா சமாளிச்சே?"

"சமாளிக்கலடி," என்றார் அக்கா. "நாளைக்கும் போ."