குடிலுக்குள் போன இரும்பு

அந்த ஆய்வு நிலையத்தில் அவருக்கு ‘இரும்பு சார்’ என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை. பூமியின் காந்தம் ஒரு நாளைக்குள் எவ்வளவு அசைகிறது என்று அளப்பதுதான் அவர் வேலை. வெயில் ஏற ஏற காந்த ஊசி ஒரு மயிரிழை விலகும், அப்புறம் நல்ல பிள்ளையாகத் திரும்பிவிடும். அந்த மயிரிழையைப் பிடிக்கத்தான் பித்தளை ஆணி அடித்த மரக்குடில். துளி இரும்பு பக்கத்தில் வந்தாலும் கணக்கு கெட்டது. அதனால் வாசலிலேயே மரத்தட்டை நீட்டி, வருகிறவர்களையெல்லாம் மடக்கிக் கேட்பார்: “இரும்பு இருக்கா?”

பதினெட்டு வருஷம் கேட்டார். குடிலைக் கூட்ட வரும் அக்கா தினமும் கொண்டை ஊசிகளைப் பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டு, அவிழ்ந்த தலையோடு உள்ளே போவாள். “என் தலைக்கு உங்க ஊசியே திரும்புதாம். வீட்ல ஒரு ஆளு திரும்பிப் பாக்கக் காணோம்” என்பாள். இவர் சிரிக்கமாட்டார். ஒருமுறை மேலதிகாரியையே பெல்ட்டைக் கழற்றவைத்து, கால்சட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர் மழையில் படிக்கட்டில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். என்ன தகடு என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரையெல்லாம் கேட்ட மனுஷனுக்கு அங்கே வாய் வரவில்லை. இரும்பு என்று சொல்லிவிட்டால் குடில் போச்சு, மிச்ச ஆறு வருஷமும் ஃபைல் ரூம்தான். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்துவிட்டு, தகட்டைப் பற்றி மூச்சு விடாமல் நொண்டி நொண்டிக் குடிலுக்குள் நுழைந்தார்.

பயந்தது நடந்தது. தூரத்து அறையில் தானாக ஓடும் கருவி ஒரு எண் சொன்னது. இவர் கையால் அளந்தது இன்னொரு எண் சொன்னது. தினமும் அதே வித்தியாசம். இவர் லீவு நாளில் வேறொருத்தர் அளந்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. காலைத் தள்ளி நீட்டிப் பார்த்தார். கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தார். வெட்கக்கேடு! பதினைந்து நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பதினாறாம் நாள் மேலதிகாரி முன்னால் போய் நின்றார். “சார், என் கால்ல இரும்பு இருக்கு. மறைச்சுட்டு உள்ளே போயிட்டேன். என்னை மாத்திடுங்க.”

மேலதிகாரி சின்னக் காந்த ஊசி ஒன்றை எடுத்து வந்து முழங்காலருகே பிடித்தார். அது அசையவே இல்லை.

“இந்தத் தகடெல்லாம் காந்தத்துக்கு மசியாது சார். டாக்டரைக் கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரே!”

சொல்லிக்கொண்டே மேலதிகாரி கையைத் தூக்க, இடுப்புக்கு நேராக வந்ததும் ஊசி வெடுக்கென்று திரும்பியது. சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். கால்சட்டையின் உள்மடிப்பில், வெளியே தெரியாமல், இரண்டு ஊக்கு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினார். “இரும்பு கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“பாதியா இளைச்சுட்டீங்க. துணி இடுப்புலயே நிக்கல. கண்ணுல பட்டா மனசு விட்டுடுவீங்கன்னு உள்ளே மடிச்சுக் குத்தினேன்” என்றாள் அவள். “வாசல்ல ஊரையே சோதிக்கிறீங்களே, உங்களையும் ஒருதரம் சோதிச்சுப்பீங்கன்னு நினைச்சேன்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வழியில் மானம் போகக்கூடாதே என்று மறுநாளும் அவளே ஊக்கு குத்தி அனுப்பினாள்.

நிலையத்துக்குப் போனதும் முதல் வேலையாக நோட்டில் பதினைந்து நாள் அளவுகளையும் அடித்து, காரணம் என்ற இடத்தில் ‘அளப்பவர் இடுப்பில் ஊக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டு எப்படியோ அதற்குள் ஊர் சுற்றிவிட்டது. குடில் வாசலில் அக்கா தட்டோடு நின்றிருந்தாள்.

“இரும்பு இருக்கா சார்?”

“இருக்கும்மா” என்றார் இரும்பு சார். இரண்டு ஊக்கையும் கழற்றி அவளுடைய கொண்டை ஊசிகளுக்குப் பக்கத்தில் போட்டார். அவள் சிரித்தாள், அவரும் சிரித்துவிட்டார். ஒரு கையில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அளந்தார். அன்றைக்கு எண் பொருந்தியது.