மண் குதிரைக்கு முகம் கொடுத்தவர்கள்

அன்னவாசல் பஸ் டயர் வெடித்து நிற்கிறது. சாலையோரம் வேளார் ஒருவர் அய்யனாருக்கு யாரோ நேர்ந்துகொண்ட மண் குதிரையைச் செய்துகொண்டிருக்கிறார். பட்டணத்துப் பத்திரிகைக்காரன் நான் சும்மா இருப்பேனா? குதிரையின் கழுத்தில் மணிமாலையைப் பார்த்ததும், ‘சோழர் குதிரைப்படையின் எதிரொலி’ என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் அவரிடமே போகிறேன்.

“மணிமாலை வைக்க எது தூண்டியது?”

“தலையத் தனியாச் செஞ்சு ஒட்டுறோம்ங்க. ஒட்டுன தடம் தெரியக் கூடாதுல்ல?”

சோழர் படை அங்கேயே கலைகிறது.

“சரி, முகத்தில் இவ்வளவு ஆவேசம்?”

“நேந்துக்கிட்டவரு தெனமும் வந்து, ஏன் இன்னும் முடியலைன்னு கத்துறாரு. அவரு மூஞ்சிதாங்க.”

நான் வாயைப் பிளந்து நிற்கிறேன். அவர் அவசரமாகக் களிமண்ணை அள்ளுகிறார்.

“மூடிறாதீங்க. அடுத்த குதிரைக்கு இன்னும் வாய் வைக்கலை.”