மாமா தோண்டிய கிடாரம்

மாமா எங்கள் வீட்டில் இருந்த எட்டு மாதங்களில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம், மாமா எங்கள் வீட்டில் இல்லை என்பதுதான். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் வீட்டில் மூன்று பேர். எலிவேற்றரில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் மூன்று பேர். நான்காவது ஆள் சோபாவில் படுத்து எழும்பி, என் கணக்குப் பாடங்களைச் செய்து தந்து, அம்மாவின் மீன் குழம்பில் எல்லோரையும் விட ஒரு துண்டு கூடுதலாகப் போட்டுக்கொண்டு எங்களோடு வாழ்ந்துகொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. விசிட்டராக ரொறன்ரோவுக்கு வந்தவர். விசா முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. முன்பெல்லாம் வந்து இறங்கிவிட்டு இங்கே இருந்தபடியே நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கலாமாம்; மாமா வந்து சேர்வதற்குள் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். இவர் படியேறும்போதுதான் எல்லாக் கதவும் சாத்தப்படும் என்று அப்பா பகிடி விடுவார். அம்மா சிரிக்கமாட்டார். பிடிபட்டால் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு நல்ல லோயரைப் பிடித்தால் பேப்பர்களைச் சரிக்கட்டலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் லோயரைப் பிடிக்கிற அளவுக்கு மாமாவிடம் ஒன்றுமில்லை. உணவகம் ஒன்றின் பின்கதவால் போய்க் கோப்பை கழுவிவிட்டு அதே பின்கதவால் வருகிறவர் அவர்.

அந்த உணவகத்தில் கூட வேலை செய்த ஒருவர்தான் தன் பழைய மெட்டல் டிடெக்டரை மாமாவுக்கு இரவல் கொடுத்தார். நீளத் தடி, அதன் நுனியில் வட்டத் தட்டு, காதில் மாட்ட ஒரு கருவி. நிலத்துக்குள் உலோகம் இருந்தால் காதுக்குள் கீச்சிடும். ஏரிக்கரைக்குப் போனால் குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரம் ஏதாவது அகப்படும் என்றார் அப்பா. மாமாவுக்கு மோதிரம் போதாது. அவரிடம் வேறு கணக்கு இருந்தது.

ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது அம்மாவும் மாமாவும் கொழும்பில் சிறுபிள்ளைகள். வீட்டை விட்டு ஓடுவதற்கு முன் அவர்களுடைய அப்பா, நகைகளை ஒரு பால்மாத் தகர ரின்னில் போட்டு எலுமிச்சை மரத்தடி மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனார். மாதங்கள் கழித்து வந்து பார்த்தபோது ரின்னும் இல்லை, எலுமிச்சை மரமும் இல்லை. அன்றிலிருந்து மாமா ஒன்றை உறுதியாக நம்பினார்: அவசரமாக வீட்டை விட்டுப் போகிற சனங்கள் நகையை நிலத்துக்குள்தான் விட்டுப்போகும். உலகத்தில் எந்தச் சனமாக இருந்தாலும் அப்படித்தான். கனடாக்காரர் நகையை பாங்கில் வைப்பார்கள் என்று அப்பா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் ஆற்றுப் பக்கம் அப்போது புது வீடுகள் வந்திருக்கவில்லை. வயலும் காடும்தான். அங்கே அரசாங்கம் ஒரு பண்ணைக் குடும்பத்தைக் காணியை விட்டு எழுப்பிவிட்டு வீட்டை இடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று மாமா எங்கோ கேள்விப்பட்டு வந்தார்.

"அரசாங்கம் எழுப்பின சனம் அக்கா. உடுத்த உடுப்போட போயிருக்குங்கள். கட்டாயம் தாட்டிருக்கும்."

"ஆரின்ரையோ காணிக்குள்ள போய்ப் பிடிபட்டியெண்டால்?" என்றார் அம்மா.

தனியாக ஒரு கறுத்த மனிதன் தடியோடு வயலுக்குள் நடந்தால் பொலிசுக்குச் சொல்வார்கள். கூட ஒரு சின்னப்பிள்ளை நடந்தால் அப்பாவும் மகளும் உலாத்துகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். மாமா கண்டுபிடித்த பதில் இது. அந்தச் சின்னப்பிள்ளை நான். எனக்கு ஒன்பது வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி கரைந்து நிலம் சேறாகக் கிடந்த காலத்தில், பஸ் போகிற கடைசி இடம் வரை போய் அதற்கப்பால் நடந்தோம். வேலியில் ஒரு பலகை தொங்கியது. உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருப்பதை நான் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். தனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிக்கொண்டே அவர் வேலியைத் தாண்டினார்.

இடிந்த வீட்டைச் சுற்றி மத்தியானம் வரை தேடினோம். கீச்சிடும்போதெல்லாம் மாமா முழங்காலில் விழுந்து தோண்டினார். ஆணிகள், சோடா மூடிகள், ஒரு குதிரை லாடம், உடைந்த கரண்டி. பிறகு ஆற்றை நோக்கிச் சரிந்து போகிற மேட்டுக்கு வந்தோம். அங்கே திடீரென்று மாமா நின்றார். காதுக் கருவியைக் கழற்றி என் காதில் வைத்தார். அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

தோண்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு ட்ரக்கின் சத்தம் கேட்டது. மாமா என்னை இழுத்துக்கொண்டு சேற்றுப் புல்லுக்குள் குப்புற விழுந்தார். ட்ரக் வேலியருகே வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். யாரோ இறங்கி நின்று இருமினார். மாமாவின் உள்ளங்கை என் வாயை மூடியிருந்தது. அவருடைய நெஞ்சு அடிப்பதை என் முதுகில் உணர்ந்தேன். எனக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒளித்துப் பிடிக்கும் விளையாட்டை ஒரு பெரியவர் இவ்வளவு மனம்வைத்து விளையாடி நான் அதுவரை பார்த்ததில்லை. ட்ரக் போய் நெடுநேரம் ஆன பிறகும் மாமா எழும்பவில்லை.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் குழிக்குள் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. "கிடாரம்!" என்றார் மாமா, மூச்சு விடாமல். கிடாரம் என்றால் செம்பில் செய்த பெரிய பாத்திரம். புதையல் கதைகளில் தங்கம் எப்போதும் அதற்குள்தான் இருக்கும். வெளியே வந்தது பந்து அளவான, நசுங்கிப் பச்சை பிடித்த ஒரு செப்புப் பாத்திரம். அதற்குள் மண். மண்ணுக்குள் துரு தின்ற ஒரு கோடாலித் தலை. பிறகு சின்னச் சின்ன மணிகள், சிவப்பும் நீலமுமாக. மாமா அந்த மண்ணை மூன்று முறை விரல்களால் அரித்துப் பார்த்தார். தங்கம் இல்லை. குழியின் விளிம்பில் இருந்தபடி, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு மணிகள் பிடித்திருக்கின்றன என்று சொல்லித் தேற்றினேன்.

கிடாரத்தைக் கண்டதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"உது ஆரோ செத்த சனத்தின்ர சாமான் தம்பி. வீட்டுக்குள்ள கொண்டு வராதை."

அது பல்கனியில் வைக்கப்பட்டது. அம்மா அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அடுத்த ஞாயிறு அதை எடுத்த குழியிலேயே போட்டு மூடிவிட வேண்டும் என்று தீர்ப்பாகியது. அதற்குள் நான் நான்கு மணிகளை எடுத்து என் பென்சில் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமைகளில் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து காட்டிப் பேச வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஆமைக்குட்டியும் பதக்கமும் கொண்டுவருவார்கள். என்னிடம் எப்போதும் ஒன்றும் இருக்காது. அன்று இருந்தது. ரீச்சர் ஒரு மணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். மணிகளை இரண்டு நாள் வைத்திருக்கலாமா என்று கேட்டார். அதைப் பற்றித் தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வரக்கூடும் என்றும் சொன்னார். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் மணிகளைக் களவெடுத்தது தெரிந்துவிடுமே.

வியாழக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது. எங்கள் ஆட்கள் தட்டுகிற விதம் வேறு. இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு. இது அந்த விதமில்லை. அம்மா கதவின் ஓட்டையால் பார்த்தார். வெள்ளைக்காரர், கழுத்தில் ரை, கையில் ஃபைல். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையிலேயே மாமா சோற்றுக் கையோடு எழும்பி வாஷ்றூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். பாதி சாப்பிட்ட அவருடைய சோற்றுக் கோப்பையை அம்மா என் முன்னால் தள்ளினார். "சாப்பிடு," என்றார். நான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். அம்மா கதவைத் திறக்க, நான் வாய்க்குள் சோற்றை அடைத்தேன்.

வந்தவர் சிரித்தார். சப்பாத்துச் சேறாக இருந்ததால் அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். என் மனதில் அந்த இடத்தில்தான் எல்லாம் முடிவாகியது. சப்பாத்தைக் கழற்றாமல் கம்பளத்தில் நடக்கிற வீட்டுச் சொந்தக்காரனையும் மீற்றர் பார்க்கிறவனையும் அம்மா பிறகு எவ்வளவு திட்டுவார் என்று எனக்குத் தெரியும். வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற மனிதர் நம்முடைய ஆள்தான். மாமாவைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பது இவருக்குப் பொருந்தாது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். நான்தான் மொழிபெயர்த்தேன். ரீச்சர் சொன்ன ஆள் அவர்தான், பழம்பொருள்களை ஆராய்கிறவர். இப்படிக் கிடைப்பவற்றை அரசாங்கத்துக்கு அறிவிப்பது முறை என்று அவர் ஆரம்பித்தபோதே, அரசாங்கம் என்கிற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட அம்மா வெளிறிப்போனார். யார் தோண்டியது என்று அவர் கேட்டதும், நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்றார். அப்படியானால் அவர் வரும்வரை காத்திருக்கிறேன் என்று அந்த மனிதர் சோபாவில், மாமாவின் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். வந்தவர் பல்கனிக்குப் போய்க் கிடாரத்தைப் பார்த்தார். முழங்காலிட்டுப் பார்த்தார். முந்நூறு வருடம் இருக்கும் என்றார். ஆற்றங்கரையில் வாழ்ந்த இந்த மண்ணின் பழைய சனங்கள், கடல் கடந்து வந்த வியாபாரிகளிடம் தோல் கொடுத்து இதை வாங்கியிருப்பார்கள். பிறகு ஒரு நாள் ஊரோடு எழும்பிப் போய்விட்டார்கள் என்றார். ஏன் போனார்கள் என்று கேட்டேன். சண்டையாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது என்றார். இதைத் திருத்தி மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், கண்டெடுத்தவரின் பேரைப் பக்கத்தில் அச்சடித்து வைப்போம் என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. முழங்காலில் விழுந்து தோண்டியது மாமா; அப்பாவின் பேரையா அச்சடிப்பது?

அப்பா இல்லை, மாமாதான் கண்டெடுத்தார் என்று இங்கிலீஷில் சொன்னேன். இப்போது வாஷ்றூமில் இருக்கிறார் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அவசரமில்லை என்றபடி நோட்டுப்புத்தகத்தை எடுத்துப் பேரைக் கேட்டார். முழுப்பேரையும் சொன்னேன். எப்போது பிளேனில் வந்தார் என்பதையும் கேட்காமலே சொன்னேன். அம்மாவின் விரல்கள் என் தோளுக்குள் இறங்கின. அந்த மனிதர் எழுதி முடித்து, பூட்டிய கதவைப் பார்த்து மாமாவின் பேரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டு, வாழ்த்துச் சொன்னார். சனிக்கிழமை காருடன் வருகிறேன், இடத்தைக் காட்டுங்கள் என்றார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. கதவு திறக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம் என்று நானே விளக்கம் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

மாமா வெளியே வந்தபோது அம்மா எனக்கு அடிக்கக் கையை ஓங்கியிருந்தார். மாமா அந்தக் கையைப் பிடித்தார்.

"என்ன பேர் சொன்னனி பிள்ளை?"

"முழுப்பேரும் சொன்னன் மாமா. அம்மப்பாவின்ர பேரும் சேர்த்து."

"கெட்டிக்காரி," என்றார் மாமா. என் தலையைத் தடவினார். நான் பூரித்துப்போனேன்.

வேலையால் வந்த அப்பா, அந்த மனிதர் இமிகிறேஷன்காரர் இல்லை என்று எவ்வளவோ சொன்னார். "பேரை எழுதிக்கொண்டு போயிட்டான் அத்தான்," என்பதையே மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை அப்பா அவரை மொன்றியல் நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அங்கே அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அதற்குப் பிறகு நான் மாமாவைப் பார்க்கவில்லை. அந்த நோட்டுப்புத்தகம் ஒரு இமிகிறேஷன் மேசைக்கும் போகவில்லை என்பது எங்களுக்கு உறுதியாகத் தெரியவர வருடங்கள் சென்றன. சனிக்கிழமை அப்பாவும் நானும்தான் இடத்தைக் காட்டினோம்.

அடுத்த வருடம் எங்கள் வகுப்பை அந்த மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிடாரத்தின் நசுங்கல்களை நிமிர்த்திக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டை, அதில் மாமாவின் பேர், ஒரு பிழையும் இல்லாமல். ரீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்க அம்மாவிடம் சொன்னேன்.

"எங்க வைச்சிருக்கு?" என்றார் அம்மா.

"எல்லாரும் பாக்கிற இடத்தில அம்மா! ஆர் வேணுமெண்டாலும் வந்து வாசிக்கலாம்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நேரே போய் மொன்றியலுக்கு போன் எடுத்தார். நல்ல செய்தியைச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். மாமா என்னோடு பேச ஆசைப்படுவார், நன்றி சொல்வார் என்று, கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அம்மா மெல்லிய குரலில் கொஞ்ச நேரம் பேசினார். கடைசியில், "அப்ப அங்கையும் இராதை தம்பி," என்று சொல்லி போனை வைத்துவிட்டார். மாமாவின் பேரை ஊரறியக் கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்தவள் நான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று மாமா மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை.