அறுந்துவிடாத வலை

1992 ஐப்பசி. ஆவடி சேக்காட்டில் எங்கள் கீரைப்பாத்தியைக் கோழிகள் கிளறாதிருக்க வலை போட்டிருந்தேன். பழைய கொசுவலை ஒரே கோடையில் நைந்துவிட்டதால், இம்முறை இழுத்து இழுத்துப் பார்த்துத் தடித்த நைலான் வலையாக வாங்கினேன். ஓரங்களை மட்டும் மண்ணில் புதைக்காமல் தொங்கவிட்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் கீரை பறிக்கப் போனபோது அந்த ஓரத்தில் என் கொலுசு மாட்டிக்கொண்டது. காலை உதறினேன். சீறல் கேட்டது. இரண்டு முழ தூரத்தில், வலைக்கண்ணில் உடல் இறுகிய நல்ல பாம்பு. நான் இழுக்க இழுக்க அது என் பக்கம் வந்தது. இழுப்பதை விட்டு அப்படியே நின்றேன்.

அடுத்த வீட்டு மல்லிகா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, சிலையாட்டம் நின்னுகினு கீற?" பிறகுதான் பாம்பைப் பார்த்தாள். "ஐயோ! ஆடாதக்கா!"

கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். "புது வலைடி" என்று உளறினேன்.

"உன் வலையில இடி உழ! காலைக் காட்டு."

கத்தரி இரண்டு முறை வழுக்கியது. அறுந்துவிடக் கூடாதென்று தேடி வாங்கிய நூல் அறுந்தால் போதுமென்று உயிர் துடித்தது. மூன்றாம் முறை அறுந்தது, இருவரும் ஓடினோம். பிறகு பாம்பு பிடிப்பவர் வந்து அதையும் விடுவித்தார்.

இப்போது வலையை விறைப்பாகக் கட்டி, ஓரமெல்லாம் புதைத்து, தினமும் சுற்றிப் பார்க்கிறேன். ஆனாலும் பாத்தியருகே போனால் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன.