ஐந்தாவது அம்புக்குறி

ஹைதராபாத் தமிழர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு தொடங்கியது நான்தான். கச்சிபௌலி அலுவலகத்தில் ஆளுக்கொரு கணினியை முறைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஊர்க்கதை பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. பின்னூட்டம் பிடித்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. ஐந்து கீழ் அம்பு விழுந்தால் அது மடங்கி மறைந்துவிடும். அழுத்தியவர்களின் பெயர் எழுதியவருக்கு மட்டும் தெரியும். ஒளிந்திருந்து கல்லெறியக் கூடாதாம். எல்லாம் என் மேதாவித்தனம்.

ஆறே மாதத்தில் எல்லாரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டோம். இந்த ஊர்ச் சாம்பாரைத் திட்டினால் மேல் அம்பு குவியும். நானும் திட்டினேன். உண்மையில் எனக்கு அது பிடிக்கும்.

அத்தான் போன பிறகு ஏ.எஸ்.ராவ் நகரில் தனியாக இருந்த அக்காவைக் குழுவில் சேர்த்ததும் நானே. முப்பது வருடம் இங்கே வாழ்ந்தவள். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று இந்த ஊர் உருது கலந்ததுதான் அவள் தமிழ். நாள் முழுக்கப் போனும் கையுமாக இருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் ஊரிலிருந்து ஒரு பெண், அம்மாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வருகிறேன், தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். அக்கா எழுதினாள்: "ஹோட்டல் நக்கோ கண்ணு. எங்க வீட்டுக்கு வந்துடு. ஹவ், நிஜமாத்தான் சொல்றேன்."

"இது எந்த ஊர்த் தமிழ்?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு மேல் அம்பு மழை. அக்காவுக்கு நான்கு கீழ் அம்பு. என் அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறைந்துவிட்டால் கேலியும் நின்றுவிடும் என்று ஐந்தாவதை நானே அழுத்தினேன். பெயர் தெரியும் என்ற ஞாபகம் அப்போது வரவில்லை. கேலி நின்றது. அந்தப் பெண்ணும் அதைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறைக் கட்டிலில் புது விரிப்பு, இரண்டு தலையணை.

"யாராவது வராங்களாக்கா?"

"அந்தப் பொண்ணு வரும்னு போட்டேன். வரல."

அக்கா காபியை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கைக்குடா, ஏன்டா அப்படிப் பண்ணினே? நான் எழுதுறது அசிங்கமா இருந்தா நேர்ல சொல்லியிருக்கலாமே?"

உன்னைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த நாலு பேரு யாருன்னே எனக்குத் தெரியாதுடா," என்றாள். "அஞ்சாவது பேரு ஒண்ணுதான் தெரிஞ்ச பேரு."