துப்பட்டியைப் பிடித்த கை

நான் பெரியவளான மூன்றாம் மாதமே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் திண்டுக்கல்லில் எனக்கென்று மிஞ்சியது எங்கள் தோல் கிட்டங்கியின் பின்வாசல் மட்டும்தான். மூன்று பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், நான்காவது பக்கம் உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல். அந்த நாற்றத்துக்குள் நின்று மத்தியானம் முழுக்கச் சுவரோடு பூப்பந்து ஆடுவேன். மஞ்சள் நூல்பந்து பட்டுப் பட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

சாயங்காலம் அங்கேயே வலை கட்டி அண்ணனும், அப்பாவின் அண்ணனான பெரியத்தாவின் நான்கு மகன்களும் ஆடுவார்கள். என்னையும் சேர்த்தால் மூன்றுக்கு மூன்று ஆகுமே என்றுதான் விட்டார்கள். ஒரே வருஷத்தில் அண்ணனை ஓட ஓட விரட்டினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அறுபதுகளின் தொடக்கம். வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் ஐந்து பேர் மேட்ச் ஆட சைக்கிளில் வந்தார்கள். அத்தா கிடா அறுத்துச் சோறாக்கச் சொல்லியிருந்தார். பார்த்தால், பெரியத்தா மகன் ஒருவனுக்குக் கால் பிசகி வீங்கிக் கிடந்தது. வந்த விருந்தாளிகளை ஆடாமல் அனுப்பினால் அத்தாவுக்கு மானம் போய்விடும்.

"தங்கச்சி ஆடட்டும் அத்தா" என்றான் அண்ணன்.

அத்தா என்னைப் பார்த்து, "துப்பட்டிய விடாம ஆடுறதுன்னா ஆடு தாயி. இன்னைக்கு ஜெயிச்சிட்டியனா, மேக்கொண்டு வெளியூருக்கும் போயி ஆடலாம். நான் கூட வாரேன்" என்றார்.

வெளியூர்! வடமதுரையாவது தாடிக்கொம்பாவது, அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் எதுவாக இருந்தாலும் போதும் எனக்கு.

துப்பட்டி என்பது தலையிலிருந்து கணுக்கால்வரை மூடும் வெள்ளைத் துணி. வெளி ஆண்கள் முன்னால் அதைத் தாடைக்குக் கீழே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊக்கு குத்திப் பார்த்தேன், முதல் வீச்சிலேயே பிய்ந்தது. பந்து போடும்போது இடது கை வேண்டுமே, அப்போது துணியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். வலது கை முழங்கைவரைதான் வெளியே வந்தது. தலைக்கு மேல் தூக்கினால் துணி பல்லுக்கும் நிற்காது, இடது கைப் பிடியையும் விட்டாக வேண்டும்.

"ஏலே, மூட்டை ஒண்ணு ஆட வருதுடா!" என்றான் மில்காரன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நான் தாழ்வாகவே வெட்டி வெட்டி அடுத்தடுத்து ஐந்து பாயிண்ட் எடுத்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே வேர்த்து ஊற்றியது, துணி முகத்தில் ஒட்டியது, மூச்சு முட்டியது. ஆனாலும் அம்புட்டு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

இருபத்தொன்பது எடுத்தவர்கள் ஜெயிப்பார்கள். அவர்கள் இருபத்தெட்டில் இருந்தார்கள், நாங்கள் இருபத்தேழு. அப்போதுதான் அந்தப் பந்து வந்தது. உயரமாக, என் தலைக்கு ஒரு முழம் மேலே, மெதுவாகத்தான் வந்தது. கையைத் தூக்கினால் போதும்.

நான் பந்தைப் பார்க்காமல் அத்தாவைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். என் இடது கை துணியை இன்னும் இறுக்கியது. பந்து எனக்குப் பின்னால் விழுந்தது.

தோற்ற வீட்டில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அத்தா வந்து என் தலையில் கை வைத்தார். "பந்து போனாப் போவுது. எம் மக கைய விடல, பாத்தீகளா?" என்று மில்காரர்களிடமே கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. சொன்ன சொல்படி நான் ஜெயிக்கவில்லை, அதனால் வெளியூர்ப் பேச்சும் அதோடு முடிந்தது.

அடுத்த வருஷம் என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அத்தா இந்தக் கதையைத்தான் சொன்னார். நான் அடித்த ஒரு பாயிண்டைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கதை ரொம்பப் பிடித்துப்போய் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்.

நிக்காஹ் அன்று காலையில் அண்ணன் என்னிடம் தனியாக வந்து நின்றான். "அன்னைக்கு அந்தப் பந்து ஒனக்கு எட்டும்ல?"

"எட்டும்ணே" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வண்டி வந்து நின்றது. அம்மா புதுத் துப்பட்டியைக் கொண்டுவந்து என் தலையில் போட்டாள். இடது கை தானாகவே போய் அதைப் பிடித்துக்கொண்டது.