சுனையில் இரண்டு ஹோஸ்

2024 மார்ச் 12, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். கொல்லைத் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் தண்ணீர். சுனைக்குப் போகவில்லை. போகாமல் இருப்பதும் அந்த ஒரு வாரமாக என் அன்றாட வேலைகளில் ஒன்றாகியிருந்தது.

மஞ்சக்குட்டைப் பக்கம், எங்கள் மலைச்சரிவில் இரண்டு வீடுகளுக்கும் ஒரே சுனை. கோடையில் ஒரு ஹோஸ் நிறைய வருவதே பெரிது. எனவே விடியும்போது நான் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் ஹோஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்னுடையதைச் செருகுவேன். நான் திரும்பியதும் அவர் போய் என்னுடையதைப் பிடுங்குவார். பல வருடமாக ஒழுங்காக நடந்துவந்த ஏற்பாடு. பேச்சுவார்த்தைக்கே அவசியம் இருந்ததில்லை.

அதைக் கெடுத்தது ஏரிக்கரையில் நடந்த ஒரு சொற்பொழிவு. நாம் உள்ளுக்குள் மாறினால் உலகம் தானாக மாறிவிடும் என்றார், மலைக்குக் கீழேயிருந்து ஏசி காரில் வந்தவர். உலகம் தூரம் என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கினேன். இனி அவர் ஹோஸைத் தொடுவதில்லை.

உலகம் உடனே மாறியது. அவர் தொட்டி நிரம்பி வழிந்தது, ஜீப்பைக்கூடக் கழுவினார். எங்கள் வீட்டில் காபி நாற்றுகள் தலை தொங்கின. மழைக்கு நடுவதற்காக மனைவி விதை போட்டு வளர்த்தவை. அவை போனால் தோட்டத்தில் இன்னொரு வருடம் வெற்றிடம்தான்.

"உங்க மனசுல நொம்ப ஈரம் சேந்திருக்குதுங்க. அதுல ஒரு கொடம் நாத்துக்கு ஊத்துங்க" என்றாள் அவள். நாளைக்கும் நான் போகாவிட்டால் தானே போய் அவர் ஹோஸைப் பிடுங்கப்போவதாகவும் சொன்னாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

"தாலுகா ஆபீசுல எம்மேல ஏதாச்சும் எழுதிப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. மனசு மாறிடுச்சு."

அவர் முகம் வெளுத்தது. வேகமாக வீட்டுக்குத் திரும்பி நடந்தார். மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று சாயங்காலம் அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். நான் ஒன்றைச் சும்மா விடுகிறேன் என்றால் பெரிதாக ஏதோ செய்யப்போகிறேன் என்று அர்த்தமாம். என் மன அமைதி வேலியைத் தாண்டிப் போய்ச் சேரும்போது பயமாக மாறியிருந்தது. இப்படி ஒரு கட்டம் வரும் என்று பேச்சாளர் சொல்லவே இல்லை.

மறுநாள் பால்கூடக் காய்ச்சாமல் முதல் வேலையாகச் சுனைக்குப் போனேன். பாறைமேல் கிடந்த என் ஹோஸைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, தன்னுடையதோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஒரு கல்லையும் கோத்துத் தண்ணீரில் இறக்கியிருந்தார். ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் வந்துவிடும். தண்ணீர் இறங்கினாலும் தனக்குக் கிடைக்கும்படி அவர் ஹோஸின் வாய் மட்டும் ஒரு விரல்கடை கீழே இருந்தது. அவிழ்த்து, இரண்டையும் சமமாக்கி, இறுக்கிக் கட்டினேன்.